இரும்பை ஒதுக்கும் கருவி

(மாணவர் பயிலரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுநடை சில இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



கவிதை பற்றிப் பேசச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார்கள். நான் ஒரு மெஷினைப் பற்றிப் பேசப் போகிறேன். பயப்படாதீங்க, சுற்றிச் சுற்றி நம்ம ஊருக்குத்தான் வந்து சேருவேன்.

நான் வங்கியில் குமாஸ்தா. நகைக்கடன் கவுன்ட்டர். பக்கத்தில் நகை மதிப்பீட்டாளர் உட்கார்ந்திருப்பார். அவர் உரைகல்லில் உரசிப் பார்த்துச் சொல்வார், நான் எழுதுவேன். மொத்த எடை எத்தனை கிராம், கல்லுக்குக் கழிவு எவ்வளவு, எத்தனை மில்லி. தாலியைக் கழற்றி வைக்கிற அம்மாவின் முகத்தை எழுத அந்தப் பாரத்தில் இடம் கிடையாது. அதைக் கவிதையில் எழுதிக்கொள்கிறேன், அது வேறு கதை.

போன மாதம் ஒரு பையன் கடன் கேட்டு வந்தான். எதுக்குப்பா என்றேன். குரலைத் தாழ்த்தி, "புதையல் மெஷின் வாங்கணும் சார்" என்றான். செல்போனில் காட்டினான். ஒரு வெள்ளைக்காரர் கடற்கரையில் நடக்கிறார். கையில் நீளக் கம்பு, கம்பின் நுனியில் வட்டத் தட்டு, காதில் ஹெட்போன். மணலைத் துடைப்பம் போட்டுப் பெருக்குகிற மாதிரி தட்டை இப்படியும் அப்படியும் ஆட்டுகிறார். சத்தம் கேட்ட இடத்தில் தோண்டுகிறார். பழைய காசு வருகிறது. "நம்ம பக்கம் எவ்ளோ கோட்டை, எவ்ளோ குளம் சார்" என்றான் பையன். நம்ம இடத்துப் பையன்தான். கடன் கிடைக்காது, அனுமதி இல்லாமல் தோண்டினால் ஜெயில்தான் கிடைக்கும் என்று சொல்லி அனுப்பினேன். ஆனால் அந்தச் சத்தம் எனக்குள்ளேயே நின்றுவிட்டது. தேடித் தேடிப் படித்தேன்.

வேலை செய்யும் விதம் ரொம்பச் சுலபம். தட்டுக்குள் கம்பிச் சுருள். அதில் மாறுமின்னோட்டம் ஓடினால் மண்ணுக்குள் காந்தப்புலம் இறங்கும். கீழே உலோகம் கிடந்தால் அதில் சுழல் மின்னோட்டம் பிறந்து, அதுவும் தன் பங்குக்கு ஒரு காந்தப்புலத்தை மேலே அனுப்பும். அதைப் பிடித்து ஒலியாக்கிக் காதுக்குத் தருகிறார்கள். தொலைபேசி கண்டுபிடித்த கிரஹாம் பெல், 1881ல் சுடப்பட்டுக் கிடந்த அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டின் உடம்பில் தோட்டாவைத் தேட இப்படி ஒரு கருவியைக் கொண்டுபோனார். தோட்டா அகப்படவில்லை. இரண்டாம் உலகப் போரில் போலந்துக்காரரான கொசாட்ஸ்கி கண்ணிவெடி தேடும் கருவியைச் செய்தார். 1942ல் எல் அலமைன் போரில் அது பயன்பட்டது. போர் முடிந்ததும் மிச்சக் கருவிகள் மலிவு விலைக்கு வந்தன. சாவைத் தேடின கருவி காசு தேட இறங்கியது இப்படித்தான்.

இந்த மெஷினில் ஒரு திருகு இருக்கிறது. கடற்கரையிலும் வயலிலும் ஆணி, தகரம், சிகரெட் பெட்டிக் காகிதம் என்று எல்லாம் கிடக்கும். ஒவ்வொன்றுக்கும் சத்தம் கேட்டால் குனிந்து குனிந்து இடுப்பு ஒடிந்துபோகும். அதனால் இரும்புக்குச் சத்தம் வராமல் அடக்கிவைக்க ஒரு வசதி. திருகினால் போதும், கீழே இரும்பு கிடந்தாலும் காதில் விழாது. வெள்ளி, தங்கம், செம்பு மட்டும் பேசும். அந்தத் திருகுக்கு இங்கிலீஷில் என்ன பெயர் தெரியுமா? டிஸ்கிரிமினேஷன். நான் வைத்த பெயர் இல்லை தோழர்களே, விற்கிறவன் வைத்த பெயர். பாகுபாடு. கருவியிலேயே அச்சடித்திருக்கிறான். நம்ம ஊரில் அச்சடிக்காமலே வேலை செய்கிறது.

இன்றைக்கு நான் பேச வந்தது இந்தத் திருகைப் பற்றித்தான்.

முதலில் கடற்கரைக்குப் போவோம். அமெரிக்காவில் ஃப்ளோரிடா. ஸ்பெயினுக்கு வெள்ளியும் தங்கமும் ஏற்றிப் போன 11 கப்பல்கள் 1715 ஜூலை 31ஆம் தேதி புயலில் அந்தக் கரையோரம் உடைந்தன. இரண்டு நூற்றாண்டுக்கு மேல் போனபிறகு, கிப் வாக்னர் என்ற கட்டட ஒப்பந்தக்காரர், புயலடித்து ஓய்ந்த நாட்களில் மணலில் வெள்ளிக்காசு ஒதுங்குவதைக் கவனித்தார். ராணுவம் கழித்துக்கட்டிய கருவி ஒன்றை 15 டாலருக்கு வாங்கித் தேடினார். கிடைத்தது. 1960களில் உலகமே அதைப் பற்றிப் பேசியது. அந்தப் பகுதிக்கு இன்றைக்கும் புதையல் கரை என்றே பெயர்.

அந்த வெள்ளி எங்கே வெட்டியது? மெக்சிகோவிலும் பெருவிலும். பொட்டோசி என்ற வெள்ளி மலையில் 'மித்தா' என்று ஒரு முறை வைத்திருந்தார்கள். ஊருக்கு இத்தனை ஆள் என்று கணக்குப் போட்டுப் பூர்வகுடிகளைப் பிடித்துப்போய்ச் சுரங்கத்தில் இறக்குவது. பேருக்குக் கூலி. காசின் ஒரு பக்கம் சிலுவை, மறுபக்கம் ராஜாவின் சின்னம். சுரங்கத்தில் இறங்கினவனின் அடையாளம் எந்தப் பக்கத்திலும் இல்லை.

இன்னொரு சம்பவம். 1622ல் ஃப்ளோரிடாவின் தென்முனையில் அடோச்சா, மார்கரீட்டா என்று இரண்டு வெள்ளிக் கப்பல்கள் மூழ்கின. அடோச்சாவில் இருந்த 265 பேரில் பிழைத்தது 5 பேர்: 3 மாலுமிகள், 2 அடிமைகள். 1626ல் மெலியான் என்பவர் மார்கரீட்டாவைத் தேடப் போனார். மூழ்கித் தேடியவர்கள் அடிமைகள். முதலில் கண்டுபிடிக்கிறவனுக்கு விடுதலை என்று அறிவித்தார். ஹுவான் பன்யோன் என்ற அடிமை கண்டுபிடித்தார். விடுதலை பெற்றார். யோசித்துப் பாருங்கள். கடலுக்கடியில் கிடந்த அத்தனை வெள்ளியையும் காட்டிக்கொடுத்தவனுக்குக் கொடுத்த பரிசு என்ன? அவனையே அவனுக்குத் திருப்பிக் கொடுத்தது.

அடோச்சா மட்டும் அப்போது அகப்படவில்லை. 1969லிருந்து மெல் ஃபிஷர் என்பவர் அதைத் தேடினார். 1985 ஜூலை 20ஆம் தேதிதான் கிடைத்தது, டன் கணக்கில் வெள்ளி. நான் சொல்ல வந்தது நடுவில், 1972ல் நடந்த ஒன்றை. கடலில் தேடுகிறவர்கள் படகுக்குப் பின்னால் காந்தமானி என்ற கருவியைக் கட்டி இழுப்பார்கள். அது இரும்பை மட்டும்தான் உணரும். தங்கமும் வெள்ளியும் அதற்குத் தெரியாது. பீரங்கி, நங்கூரம் என்று இரும்பு எங்கே இருக்கிறதோ அங்கே கப்பல் இருக்கும், கப்பல் இருந்தால் வெள்ளி இருக்கும் என்பது கணக்கு. கரையில் இரும்பின் வாயை அடைக்கிறவன், கடலில் இரும்பைத்தான் வழிகாட்டியாக வைத்திருக்கிறான்.

1972ல் அப்படி இரும்பு கூப்பிட்ட இடத்தில் போய்ப் பார்த்தார்கள். கிடைத்தவை கால் விலங்குகள். ஒன்றல்ல, இரண்டல்ல, கடைசிக் கணக்கில் 80 ஜோடிக்கும் மேல். இது அடோச்சா இல்லை, வெள்ளி இல்லை என்று தெரிந்ததும் கொஞ்ச காலம் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டார்கள். பத்து வருஷத்துக்கு மேல் கழித்து, 1983ல் தொல்லியல் படித்த ஒருவர் மறுபடி இறங்கியபோது கப்பலின் மணி கிடைத்தது. அதில் பெயர் வார்த்திருந்தது: ஹென்ரியெட்டா மேரி, 1699. ஆப்பிரிக்க மக்களைப் பிடித்துப்போய் 1700ல் ஜமைக்காவில் விற்றுவிட்டு, லண்டனுக்குத் திரும்பும் வழியில் உடைந்த இங்கிலீஷ் கப்பல்.

விலங்குகளில் சில மிகச் சிறியவை. குழந்தையின் காலுக்கு, பெண்ணின் கைக்கு என்று செய்தவை. வெள்ளிக் கட்டிக்கு எடை உண்டு, விலை உண்டு. இந்த இரும்புக்கு விலை இல்லை. ஆனால் அந்தக் கடலடியில் கிடந்த அத்தனை பொருளிலும் ஒரு குழந்தையின் கணுக்கால் அளவைச் சொல்லக்கூடிய பொருள் அது ஒன்றுதான். 1993ல் கறுப்பின முக்குளிப்போர் சங்கத்தார் கடலடியில் இறங்கி அங்கே ஒரு நினைவுக்கல் நட்டார்கள். அது ஆப்பிரிக்கா இருக்கும் திசை பார்த்து நிற்கிறது. அவர்கள் எதையும் எடுக்கப் போகவில்லை, வைக்கப் போனார்கள்.

இப்போது உள்நாட்டுக்கு வருவோம். அமெரிக்காவில் மொன்டானா புல்வெளி, லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரை. 1876 ஜூன் 25ஆம் தேதி கஸ்டர் என்ற தளபதி, லக்கோட்டா, செயேன் பூர்வகுடிகளின் குடியிருப்பைத் தாக்கப் போனார். அவரோடு நின்ற சுமார் 210 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. பிறகு நூறு வருஷமாக ஓவியம், பாட்டு, சினிமா. கடைசி மூச்சுவரை குன்றின்மேல் வரிசை கலையாமல் நின்று போராடிய வீரர் கூட்டம் என்று கதை. அந்தப் போர்க்களத்துக்குப் பெயரே கஸ்டர் போர்க்களம்.

அந்தப் பக்கம் ஒருவரும் உயிரோடு இல்லை என்றால், நடந்ததைப் பார்த்தவர்கள் யார்? பூர்வகுடிகள். அவர்கள் வாயை மூடிக்கொண்டும் இருக்கவில்லை. சிவப்புக் குதிரை என்ற பெயருடைய லக்கோட்டா வீரர் 1881ல் 42 படங்கள் வரைந்து கொடுத்தார். செயேன் வீரர்கள் பலர் பேட்டி கொடுத்தார்கள். சிப்பாய்கள் மிரண்டார்கள், கலைந்தார்கள், ஓடினார்கள், சண்டை சீக்கிரம் முடிந்துவிட்டது என்று பலரும் சொன்னார்கள். வரலாறு எழுதினவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காட்டுமிராண்டி பேச்சு, ஒன்றுக்கொன்று முரண், தேதி தெரியாது, நேரம் தெரியாது. இந்த வார்த்தைகளையெல்லாம் நாமும் கேட்டிருக்கிறோம் இல்லையா?

1983 ஆகஸ்டில் அந்தப் புல்வெளி தீப்பிடித்து எரிந்தது. தரை வெளியே தெரிந்தது. ரிச்சர்ட் ஃபாக்ஸ், டக்ளஸ் ஸ்காட் என்ற இரண்டு தொல்லியலாளர்கள் 1984லும் 1985லும் தொண்டர்களோடு இறங்கினார்கள். கையில் இதே மெஷின். ஆனால் பயன்படுத்திய விதம் வேறு. வரிசையாக நின்று நடந்தார்கள். சத்தம் கேட்ட இடத்தில் ஒருவர் சின்னக் கொடி நடுவார். பின்னால் வருகிறவர் மெதுவாகத் தோண்டுவார். அதற்கும் பின்னால் வருகிறவர், எந்த இடம், எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம் சாய்ந்து கிடந்தது என்று எழுதிய பிறகுதான் பொருளைக் கையில் எடுப்பார்கள். போர்க்களத்தில் தேடுகிறவர்கள் இரும்பை ஒதுக்கும் திருகைத் தொடவே கூடாது என்பது பாடம். ஆணியும் லாடமும் அம்புமுனையும் அங்கே சாட்சிகள்.

ஆயிரக்கணக்கில் தோட்டாவும் உறையும் கிடைத்தன. துப்பாக்கியின் சுத்தியல் ஊசி உறையில் பதித்த தழும்பு துப்பாக்கிக்குத் துப்பாக்கி வேறுபடும். போலீஸ்காரர்கள் கொலை வழக்கில் பார்க்கிற அதே சோதனை. ஒரே துப்பாக்கியின் உறை இங்கே ஒன்று, நூறு கெஜம் தள்ளி ஒன்று என்றால், அந்த ஆள் நடந்த பாதை தெரிந்துவிடும். அப்படிப் பாதை பாதையாகக் கோடு போட்டார்கள். சிப்பாய்களிடம் ஒவ்வொரு தடவையும் ஒரு தோட்டா போட்டுச் சுடும் துப்பாக்கி. எதிரே ஹென்றி, வின்செஸ்டர் என்று தொடர்ந்து சுடுபவை நிறைய இருந்தன. கடைசிக் குன்றில் வீர வரலாறு சொன்ன அளவுக்குச் சிப்பாய்களின் உறைகள் இல்லை. ஒழுங்கு குலைந்து கூட்டம் சிதறியது என்று ஃபாக்ஸ் 1993ல் புத்தகமே எழுதினார். எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள் என்று சொல்ல மாட்டேன், சண்டை இன்னும் நடக்கிறது. ஆனால் பூர்வகுடிகள் சொன்னதை இனி ஒதுக்கிவைக்க முடியாது. 1991ல் கஸ்டர் பெயரை எடுத்துவிட்டு லிட்டில் பிக்ஹார்ன் போர்க்களம் என்று சட்டம் போட்டுப் பெயர் மாற்றினார்கள். செத்த சிப்பாய்களுக்கு 1890லேயே கல் நட்டிருந்தார்கள். பூர்வகுடி வீரர் விழுந்த இடங்களில் கல் நட ஆரம்பித்தது 1999ல்.

இந்த இடத்தில் கைதட்டத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அப்புறம் ஒரு கேள்வி வந்தது. 1876லிருந்து 1983 வரை 107 வருஷம். கண்ணால் பார்த்தவன் சொன்னதை நம்ப ஒரு மெஷின் ஏன் வர வேண்டியிருந்தது? ஈயத்தின் சாட்சி செல்லும், மனுஷன் சாட்சி செல்லாது என்றால், திருகு மெஷினில் மட்டும் இல்லை. வரலாறு எழுதுகிறவன் காதிலும் இருக்கிறது.

சட்டத்திலும் இருக்கிறது. இங்கிலாந்தில் 1996ல் புதையல் சட்டம் கொண்டுவந்தார்கள். கண்டெடுத்தவர் அரசிடம் சொல்ல வேண்டும், அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டால் பணம் தரும். 2009ல் ஸ்டாஃபோர்ட்ஷயர் வயலில் வேலையில்லாத ஒருவர் மெஷினோடு நடந்து ஆயிரக்கணக்கான தங்கத் துண்டுகளைக் கண்டார். 32,85,000 பவுண்டு. அவருக்குப் பாதி, வயல்காரருக்குப் பாதி. நல்ல சட்டம்தான். ஆனால் 2010ல் கம்ப்ரியாவில் ரோமானியர் காலத்து வெண்கலத் தலைக்கவசம் ஒன்று முகமூடியோடு கிடைத்தது. தங்கமும் இல்லை, வெள்ளியும் இல்லை, தனியாகக் கிடந்த ஒற்றைப் பொருள், ஆகவே சட்டப்படி அது புதையல் இல்லை. ஏலத்தில் ஒரு தனியாள் வாங்கிப் போனார். உலோகம் எதுவாக இருந்தாலும் முக்கியத்துவத்தைப் பார்க்கலாம் என்று விதியைத் திருத்த 2023 ஆனது.

நம் நாட்டுக்கும் ஒரு சட்டம் உண்டு. 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டம். வெள்ளைக்காரன் போட்டது. மண்ணில் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது எது கிடைத்தாலும் கலெக்டருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். என்ன கிடைத்தது, எங்கே கிடைத்தது, என்றைக்குக் கிடைத்தது. நிலத்துக்காரர் மட்டும் உரிமை கோரி, இருவருக்கும் நடுவில் ஒப்பந்தம் ஏதும் இல்லையென்றால், பங்கு எப்படித் தெரியுமா? கண்டெடுத்தவருக்கு முக்கால். நிலத்துக்காரருக்குக் கால்.

இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

எங்கப்பா கிணறு வெட்டுகிறவர். நான் பிறக்கிறதுக்கு முன்னால் எங்க ஊர் ஆண்டை கொல்லையில் கிணறு வெட்டும்போது அவர் கடப்பாரையில் ஒரு கலயம் தட்டியது. உடைந்ததும் உள்ளே துவரம்பருப்பு அளவில் மஞ்சள் காசு. கூட வெட்டியவர்கள் நாலு பேர். ஆண்டை வந்தார். குழியில் இருந்தவர்களை மேலே ஏறச் சொன்னார். கோமணத்தை அவிழ்த்துக் காட்டச் சொன்னார். காசு பத்தர் வீட்டுக்குப் போனது, உருகியது. எங்கப்பாவுக்குக் கிடைத்த முக்கால் பங்கு ஒரு வேட்டி, ரெண்டு மரக்கால் நெல், "வெளிய மூச்சு வுட்ட, தெரியும்ல" என்ற ஒரு வார்த்தை.

பங்கு போனதைச் சொல்லி அழ நான் இங்கே வரவில்லை. அதைவிட வெட்கமான ஒன்றைச் சொல்ல வந்திருக்கிறேன். இந்தக் கதையை எங்கப்பா எனக்குச் சின்ன வயசிலிருந்து சொல்லியிருக்கிறார். கொஞ்சம் போட்டுவிட்டு வந்தால் கட்டாயம் சொல்வார். நான் காலேஜ் படித்தவன். கவிதை எழுதுகிறவன். அடித்தட்டு வரலாறு பற்றிக் கட்டுரையெல்லாம் படித்தவன். "சரிப்பா, படுப்பா" என்று சொல்வேன். குடிகாரப் பேச்சு என்று என் காதில் இருந்த திருகைத் திருப்பி வைத்திருந்தேன். அதே காதோடு காலையில் வங்கிக்குப் போய் ஊரார் நகையை மில்லிகிராம் சுத்தமாக எழுதிக்கொண்டிருந்தேன்.

சாவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் ஒரு தடவைதான் உட்கார்ந்து கேட்டேன். அரைப் பக்கம் எழுதினேன். அதைப் படிக்கிறேன்: "கிழக்குக் கொல்லை. பழைய புளியமரத்துக்கு வடக்கே பத்து அடி. ஒரு ஆள் ஆழம். செம்மண் முடிந்து சுக்கான் ஆரம்பிக்கிற இடம். கலயம் கறுப்பு, வாயில் மண் அப்பி மூடியிருந்தது. பக்கத்தில் துருப்பிடித்த இரும்பு, அரிவாள் மாதிரி வளைந்தது. அதை யாரும் வேணும்னு சொல்லலை, மண்ணோடு கரையில் கொட்டினோம்."

பாருங்கள். மொன்டானாவில் கொடி நட்டு எழுதினார்களே, எந்த இடம், எவ்வளவு ஆழம், பக்கத்தில் என்ன என்று, அத்தனையும் எழுதப்படிக்கத் தெரியாத எங்கப்பா வாயில் இருந்தது. கைக்கருவி காசு கிடப்பதை ஒரு சாண் ஆழம் வரைதான் சாதாரணமாகச் சொல்லும். ஒரு ஆள் ஆழத்தில் கிடந்தது அந்த மெஷினுக்குக் கேட்டே இருக்காது. அந்தக் கலயத்துக்கு உலகத்தில் இருந்த ஒரே பதிவேடு எங்கப்பாதான். அவர் கொட்டிய இரும்பு என்ன காலம் என்று யாருக்கும் தெரியப் போவதில்லை. சிவகளையில் கிடைத்த இரும்பு ஐயாயிரம் வருஷத்துக்கு முந்தியது என்று 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிக்கை வெளியிட்டபோது ஊரெல்லாம் பெருமைப்பட்டது. நான் அந்தக் கிணற்றுக் கரையை நினைத்துக்கொண்டேன்.

தம்பிகளுக்கு ஒன்று சொல்கிறேன். மெஷின் வாங்காதீர்கள். அனுமதி இல்லாமல் தோண்டுவது சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம். இடம் தெரியாமல் பிடுங்கி எடுத்த பொருள் வாயில்லாப் பொருள் என்பது இன்னொரு பக்கம். ஏதாவது தட்டுப்பட்டால் கையை எடுத்துவிட்டு எழுதுங்கள், படம் எடுங்கள், தாசில்தாருக்கும் தொல்லியல் துறைக்கும் எழுத்தில் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். யார் கையில் தட்டுப்பட்டது என்ற பெயரையும் அதில் எழுதுங்கள். கூலிக்கு வெட்டினவர் பெயரை.

இன்னொன்று. நம்முடைய பாதிப் பொருள் எந்த உலோகக் கருவிக்கும் சத்தம் தராது. பறையின் தோல், ஏற்றத்து மரம், மண் கலயம், ஓலைக் குடிசை. மக்கிப்போகும். அவை எங்கே இருந்தன என்பது பெரியவர்கள் பேச்சில்தான் இருக்கிறது. கிணறு வெட்டியவர், ஏரி தூர் வாரியவர், பிணம் புதைத்தவர், வீட்டுக்குக் கடைக்கால் தோண்டியவர். இந்த மண்ணின் அடியில் என்ன இருக்கிறது என்று அவர்களைவிடத் தெரிந்தவர் யார்? முரணாகப் பேசினால் முரணையும் எழுதுங்கள். குடித்துவிட்டுப் பேசினாலும் எழுதுங்கள்.

என் அரைப் பக்கத்தில் வருஷம் இல்லை. காசில் என்ன உருவம் இருந்தது என்று இல்லை. கூட வெட்டிய நாலு பேரில் ரெண்டு பேர் பெயர்தான் இருக்கிறது. மறுநாள் கேட்டுக்கொள்ளலாம் என்று நோட்டை மூடி வைத்தேன். மறுநாள் அவருக்குப் பேச்சு நின்றுவிட்டது.

நீங்கள் இன்றைக்கு ராத்திரியே கேளுங்கள்.